பதினெட்டு மீட்டர் தண்ணீர்

முதல் கப்பல் தெரு வழியாக வந்த அன்று இராயப்பர்முனையில் இருந்தவர்கள் இவர்கள்: ஊர்க் கமிட்டித் தலைவரும் வள்ளங்களின் சொந்தக்காரருமான லொஞ்சின் சம்மாட்டி, அவர் மனைவி ரெஜீனாள், அவர்களுடைய மகன்கள் இருவர், சாமியார் இல்லாத நாளில் கோயிலில் ஜெபம் நடத்துகிற இஞ்ஞாசி உபதேசியார், அவர் மனைவி, சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிற வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த கிறிசாந்து, அவன் மனைவி பவுலீன், டீக்கடை பிலோமி, கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆண்கள் பதினோரு பேர், மீன் எடுக்கக் கூடையோடு காத்திருந்த பெண்கள் எட்டுப் பேர், ஏலம் கூறுகிற சூசை, எல்லோரையும் கோயில் மணிக்கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த, மணியடிக்கிற ஆளாகிய நான். ஊர்க் கணக்குப்படி முப்பது பேர்.

ஊர்க் கணக்கில் வராதவர்கள் நான்கு பேர். பவுலீன் இடுப்பிலிருந்த கைப்பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை நாங்கள் எண்ணுவதில்லை. மற்ற மூவர் ஊர்விலக்கில் இருந்தவர்கள்: தொம்மை, அவர் மனைவி வியாகுலம், கலியாணத்துக்கு நின்ற மகள் எஸ்கலின். மீன் வந்து இறங்கும் இடத்துக்கு அவர்கள் வரக்கூடாது என்பதால், கரையோரத்துக் கடைசி வீடான தங்கள் வீட்டு வாசலிலேயே நின்றார்கள். எல்லோரையும் சேர்த்தால் முப்பத்துநான்கு.

வலையின் மடி கரையேறும் நேரம். உள்ளே வாளை துள்ளுவது கூண்டிலிருந்தே தெரிந்தது, சூசை தொண்டையைச் செருமிக்கொண்டு விலை சொல்லப் போனார், அப்போது கடலில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பல், எல்லாக் கப்பல்களும் தூரத்திலேயே திரும்பிப் போவதுபோலத் திரும்பாமல், வந்த வேகம் குறையாமல் அலை மடிகிற இடத்துக்கு வந்து, ஈர மணலுக்கு வந்து, காய்ந்த மணலுக்கு வந்து, சிவப்பு அடிவயிறு மண்ணுக்குள் முழுகியிருக்க, சம்மாட்டியின் மாடிவீடு அதன் பக்கத்தில் தீப்பெட்டிபோலத் தெரிய, கடற்கரையிலிருந்து கோயிலுக்குப் போகிற எங்கள் ஒரே தெருவுக்குள் நுழைந்து போயிற்று. ஒரு ஓடு நகரவில்லை. ஒரு சுவர் விரியவில்லை. தண்ணீருக்குள் கை போய்வருவதுபோலக் கப்பல் வீடுகளுக்குள் போய் வீடுகளுக்குள்ளிருந்து வெளியே வந்தது, கோயிலுக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் திரும்பியது, ஊருக்குப் பின்னால் கிடக்கிற உப்பங்கழியில் இறங்கி, கழிமுகம் வழியாகத் திரும்பவும் கடலுக்குப் போய்விட்டது.

போன பிறகு தெரு ஈரமாக இருந்தது. வழியில் அகப்பட்ட நான்கு பேர் இல்லை. சூசை, வலை இழுத்தவர்களில் இருவர், கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி. செருப்புகள் கிடந்தன, கூடை கிடந்தது, சூசை காதில் செருகியிருந்த பீடிகூட மணலில் கிடந்தது, அவர்கள் இல்லை. நான் மணியை நான்கு முறை அடித்தேன். மீன் கெட்டுப்போகும் என்று ரெஜீனாள் சொன்னதால், சூசைக்குப் பதிலாக அவளுடைய மூத்த மகன் நின்று ஏலம் கூறினான். நல்ல விலை போயிற்று.

அதே கப்பல் சில நாட்கள் கழித்துத் தொலைவில் தெரிந்தபோது, கிறிசாந்து ஒரு வள்ளத்தில் இருந்த வயர்லெஸ் பெட்டியை எடுத்துக் கூப்பிட்டான். முன்னால் ஊர் இருக்கிறது, திருப்புங்கள் என்று இங்கிலீஷில் இரண்டு முறை சொன்னான். கொஞ்சம் இரைச்சலுக்குப் பிறகு தமிழில் பதில் வந்தது.

"யாருண்ணே பேசுறது? நம்ம பக்கத்து ஆளா?"

"இராயப்பர்முனை. நானும் சுக்கான்காரன்தான்."

"அப்படி ஒரு ஊரு சார்ட்டுல இல்லியேண்ணே. கோயில் மணிக்கூண்டு மட்டும் போட்டிருக்கு. அதக் குறியா வச்சித்தான் வாரோம். மத்ததெல்லாம் பதினெட்டு மீட்டர் தண்ணி."

"ஜன்னல் வழியாப் பாருடே."

"ஜன்னல்ல பேப்பர் ஒட்டிருக்குண்ணே. வெயில் அடிச்சா ஸ்கிரீன் தெரியலன்னு கேப்டன் ஒட்டச் சொல்லிட்டாரு." பிறகு அவனே குரலைத் தணித்துக் கேட்டான். "போன தடவ இந்த இடத்துல நாலு தடவ லேசா என்னமோ தட்டுச்சு. என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

கிறிசாந்து பெட்டியை அணைத்துவிட்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வழியிலிருந்து ஓரமாகப் போனான். அந்தத் தடவை யாரும் குறையவில்லை.

அன்று சாயங்காலம் பிலோமி கடையில் அவன் எல்லோருக்கும் விளக்கினான். முன்பு கப்பலில் காகித வரைபடம் விரித்து, வெளியே பார்த்து, பென்சிலால் கோடு போடுவார்கள். இப்போது எல்லாம் திரைதான். திரையில் நீலம் தண்ணீர், மஞ்சள் தரை, கப்பல் ஒரு சின்ன வளையம், அந்த வளையம் போட்ட கோட்டின் மேலே போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஆபத்து என்றால் கத்துவதற்கு அதில் ஒரு மணியும் உண்டு, ஆனால் அது தொட்டதற்கெல்லாம் கத்துவதால் எல்லாக் கப்பலிலும் அதன் வாயை அடைத்து வைத்திருப்பார்கள், அவனே பல தடவை அடைத்திருக்கிறான். நம் ஊர் இருக்கிற இடம் திரையில் நீலமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றான். நீலமாக இருந்தால் கடலாகிவிடுமா என்று பிலோமி கேட்டாள். கப்பலுக்கு ஆகிவிடும் மைனி என்றான்.

நீலமானது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்பு ஒரு வருடம், கடலையும் கரையையும் அளக்கிறவர்கள் லாஞ்சில் வந்து, கரையோரமெல்லாம் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துப் போனார்கள். துறைமுகத்துக்கு நிலம் எடுக்கத்தான் அளக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. கமிட்டி கூடியது. அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் எங்கள் ஆட்கள் எல்லா முளைகளையும் பிடுங்கிக் கழிக்கு அக்கரையில் அதே வரிசையில், அதே இடைவெளியில், ஒன்றுகூடத் தப்பாமல் அடித்துவைத்தார்கள். இது என்ன இடம் என்று கேட்டவர்களிடம், வற்றத்தில் தெரியும், மழைக்காலத்தில் முழுகிவிடும், வெறும் மணல்திட்டு என்றோம். வீடுகளை மீன் காயவைக்கிற கொட்டகை என்றோம். தொம்மை ஒருவர்தான் லாஞ்ச் வரைக்கும் நடந்துபோய், இது ஊர், பெயர் இராயப்பர்முனை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். ஊரே ஒன்று சொல்ல ஒரு ஆள் ஒன்று சொன்னால் எதை எழுதுவார்கள். மணிக்கூண்டு மட்டும் பழைய வரைபடத்திலேயே இருந்ததால் தப்பித்தது.

அதற்காகத்தான் தொம்மை வீட்டை விலக்கினார்கள். எங்கள் ஊரில் எல்லாம் வீட்டு முறைப்படி நடக்கும். வலை இழுக்க முறை, திருவிழாவுக்குத் தேர் தூக்க முறை, கிணறு இறைக்க முறை. சம்மாட்டி வீட்டில் தொடங்கி வரிசையாக வரும். விலக்கப்பட்ட வீட்டுக்கு முறை கிடையாது. அந்த வீட்டுக்குள் போகக்கூடாது, அந்த வீட்டு ஆட்களோடு பேசக்கூடாது, பேசினவர்களும் விலக்கு. தவிர்க்க முடியாத சங்கதி என்றால் கரையில் கிடக்கிற வள்ளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விலக்கப்பட்டவர்களும் வள்ளத்தைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். விலக்கு நீங்க வேண்டுமானால் அந்த வீட்டுக்காரர் ஏந்தி நிற்கிற தட்டிலிருந்து கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு வெற்றிலை எடுக்க வேண்டும். அந்த ஐந்து பேரும் எடுக்காததால் எஸ்கலினுக்குக் கழிக்கு அக்கரையில் பேசி முடித்த மாப்பிள்ளை காத்திருந்தும், உபதேசியார் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கவில்லை. சொந்தக் கோயிலில் ஓலை வாசிக்காத பெண்ணுக்கு எங்கேயும் தாலி கட்ட மாட்டார்கள்.

கப்பல்கள் வர வர, ஊர் பழகிக்கொண்டது. முதலில் ஒரு கப்பல்தான் வந்தது, அது போன வழி நல்ல வழி, சுருக்கு வழி என்று மற்றக் கப்பல்களும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டன. கூண்டிலிருந்து எனக்கு முதலில் தெரியும், நான் மணியை விட்டுவிட்டு அடிப்பேன், பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பார்கள், பஸ்ஸுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி நின்று விட்ட பேச்சை அங்கேயே தொடர்வார்கள், கப்பல் வீடுகளுக்கு ஊடாக நகர்ந்து முடிந்ததும் திரும்ப வந்து அடுப்பைத் தூண்டுவார்கள். கப்பல் போன பிறகு அடுக்களைகளில் ஆழ்கடல் மீன் கிடந்தது, எங்கள் வலையில் எப்போதும் படாத மீன், கண் பெரிதாக, உடம்பு கண்ணாடியாக. சுவைக்கு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், எல்லோரும் குழம்பு வைத்தார்கள். கருவாடு ஈரமாகிவிடுகிறது என்று ரெஜீனாள் ஒவ்வொரு கப்பலையும் திட்டினாள். கப்பலுக்கு வாடகை கேட்க வேண்டும், தெரு நம்முடையதுதானே என்று பிலோமி சொல்ல, நீ போய் ஜன்னல் பேப்பரைத் தட்டிக் கேளு மைனி என்று லொஞ்சினின் இளைய மகன் சொல்ல, கடையே சிரித்தது. வழியில் இருந்த வீடுகளில் பெண் எடுக்க மாட்டோம் என்று வழிக்கு வெளியே இருந்த வீட்டுக்காரர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கப்பல் தொட்ட வள்ளத்தில் மீன் படாது என்று யாரோ சொன்னார்கள், ஒன்றிரண்டாக வள்ளங்களை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். கோயிலுக்குச் சாமியார் வருவது நின்றுபோனது, அதனால் பவுலீன் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் தள்ளிப்போனது.

போய்விடலாமே என்று கேட்கலாம். ஏழு பேர் போனார்கள், மூன்று ஆண்களும் நான்கு பெண்களும். முறையை விட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்தால் முறை இல்லை என்பது விதி, ஆகையால் மற்றவர்கள் போகவில்லை. போகிறவர்களின் முறை தங்களுக்கு வரும் என்று இருந்தவர்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

ஆனால் கப்பல்கள் கோட்டின் மேல் கச்சிதமாக வருவதில்லை, காற்றுக்கு ஏற்றபடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுங்கி வரும். அப்படி மூன்று பேர் குறைந்தார்கள். குக்கரை இறக்கிவைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன ஒருத்தி. காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர். காலையில்தான் ஒதுங்கினேன், இன்னொரு தடவை ஒதுங்க முடியாது, நான் என்ன கோழியா என்று கட்டிலை விட்டு எழுந்திருக்க மறுத்த ஒருவர்.

கமிட்டிக்காரர்கள் அரசு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கடலில் இறந்தால் கடலில் இறந்தவர்களுக்கான உதவி உண்டு, ஆனால் இவர்கள் தெருவில் இறந்திருக்கிறார்கள். தெருவில் இறந்தால் தெரு இருக்க வேண்டும், ஆனால் வரைபடத்தில் அங்கே தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் மனுதாரர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். முளையைப் பிடுங்கின கதையைச் சொல்லலாமா என்று உபதேசியார் லொஞ்சினின் காதில் கேட்டார். லொஞ்சின் வேண்டாம் என்றார். அதைச் சொன்னால் தொம்மை சொன்னது சரி என்று ஆகிவிடும்.

பிறகு கமிட்டி கோயில் முற்றத்தில் கூடியது. கமிட்டியில் சூசை இருந்த இடத்துக்குக் கிறிசாந்தை எடுத்திருந்தார்கள். அவன்தான் வழி சொன்னான். கப்பல் ஏதாவது ஒன்றில் பலமாக இடித்தால் கேப்டன் எழுதி அனுப்பியே ஆக வேண்டும். எழுதினால் அடுத்த திருத்தத்தில் உலகத்தில் இருக்கிற எல்லாத் திரைகளிலும் அந்த இடத்தில் தடங்கல் என்று ஒரு குறி ஏறும். குறியைக் கண்டால் கப்பல் விலகும். ஊர் இருக்கிறது என்று ஆயிரம் பேர் சொன்னாலும் ஏறாது, ஒரு இடி இடித்தால் ஏறும்.

ஆகவே தெருவில் பனந்தடிகளை அடுக்கினார்கள். கப்பல் அவற்றுக்குள் புகுந்து போனது. உடைந்த லாரி எஞ்சினை வைத்தார்கள், ஆட்டுரல்களை வைத்தார்கள், கல்லறைத் தோட்டத்திலிருந்து இரண்டு கற்சிலுவைகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து நட்டார்கள். எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து போனது. அப்போது கிறிசாந்துக்கு வயர்லெஸ்ஸில் கேட்டது ஞாபகம் வந்தது. பொருள் எதுவும் தட்டவில்லை. நான்கு பேர் அகப்பட்டார்கள், நான்கு தடவை தட்டியிருக்கிறது. லேசாகத் தட்டியதற்குக் காரணம், அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடாமல், இரும்போடு கட்டுண்டு, பாரமாக ஒரு ஆள் நின்றால் கப்பலுக்குத் தெரியும்.

 பிறகு, முறைப்படி போவோம் என்று உபதேசியார் சொன்னார், எங்கள் ஊரில் வேறு விதமாகச் சொல்ல யாருக்கும் வராது. முறை என்றால் முதல் வீடு சம்மாட்டி வீடு. லொஞ்சின் மறுக்கவில்லை. முறைக்கு ஆள்மாற்று உண்டு என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினார். வலை இழுக்க முடியாதவன் தனக்குப் பதிலாக ஒரு ஆளை நிறுத்தலாம், அது எப்போதும் உள்ளதுதான்.

மறுநாள் காலையில் தொம்மை வீட்டுக்கு எதிரே கிடந்த வள்ளத்தின் பக்கம் போய், அதன் முன்முனையான அணியத்தைக் கையால் தட்டி லொஞ்சின் பேசினார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் கூண்டில் எல்லாம் கேட்டது.

"வள்ளமே, ஊருக்கு ஒரு ஆள் வேணும். என் வீட்டு முறைக்கு நிக்கிற ஆளுக்கு விலக்கு நீங்கும். வார ஞாயித்துக்கெழமையே அந்தப் புள்ளைக்கு ஓலை வாசிக்கலாம்."

தொம்மை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "வள்ளமே, அஞ்சு பேரும் வெத்தில எடுப்பாங்களான்னு கேளு."

"எடுப்போம்னு சொல்லு."

"நிக்கிறதுக்கு முன்னாடியா, பொறவா?"

"முன்னாடி எடுத்துட்டு ஆள் ஓடிட்டா ஊரு என்ன செய்யும் வள்ளமே?"

தொம்மை சிரித்தார். "ஓடுற ஆளா இருந்தா முளை புடுங்குன அன்னைக்கே ஓடிருப்பேன். சரின்னு சொல்லு."

எஸ்கலின் உள்ளேயிருந்து வந்து, எனக்குக் கலியாணமே வேண்டாம்ப்பா என்று அழுதாள். வியாகுலம் அழவில்லை, தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். ஊரில் பிறந்த பிள்ளை ஊரில் பெயர் வாசிக்கப்படாமல் கிடக்கக்கூடாது, அளக்கிறவர்களிடம் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோதும் அதற்குத்தான் சொன்னேன் என்று தொம்மை அவர்களிடம் சொன்னார்.

நல்ல வீடுகளின் வாசலில் அந்தக் குறி வரவேண்டாம் என்று லொஞ்சின் சொன்னதால், இப்போது கப்பல்கள் போகிற வழியில் இருந்த தொம்மை வீட்டு வாசலிலேயே அவரை நிறுத்தினார்கள். பழைய நங்கூரம் ஒன்றைப் புதைத்து, அதன் சங்கிலியை இடுப்பில் சுற்றிப் பூட்டினார்கள். தொட்டுப் பூட்ட யாரும் முன்வரவில்லை, தொட்டால் விலக்கு, ஆகவே பூட்டையும் சாவியையும் வள்ளத்தில் வைத்தார்கள், அவரே எடுத்துப் பூட்டிக்கொண்டு சாவியை வள்ளத்தில் திரும்ப வைத்தார். பிலோமி ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து வள்ளத்தின் பலகையில் வைத்தாள். குடித்த பிறகு அந்தக் கிளாஸைக் கடலில் எறிந்தாள்.

கப்பல் வந்தது. தொம்மை நின்றார். கூண்டிலிருந்து பார்த்தபோது, அத்தனை பெரிய கப்பல் அந்த வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றதை, அதன் முதுகில் அடுக்கியிருந்த பெட்டிகளெல்லாம் முன்னால் ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்ந்ததைக் கண்டேன். பிறகு போயிற்று. கிறிசாந்தின் வயர்லெஸ்ஸில் அதே சுக்கான்காரன் குரல் கேட்டது.

"அண்ணே, அடியில என்னமோ பலமா இடிச்சிட்டு. நீங்க பக்கத்துலயா நிக்கிறீங்க? என்னண்ணே அது?"

"பாறை," என்றான் கிறிசாந்து.

"கேப்டன் எழுதுறாரு."

கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் மணியை ஒரு முறை அடிக்கக் கயிற்றைப் பிடித்தேன். ஊர்க் கணக்கில் இல்லாத ஆளுக்கு மணி கிடையாது என்று லொஞ்சின் கீழிருந்து கையைக் காட்டினார். கயிற்றை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெப நேரத்தில் வியாகுலம் தட்டில் வெற்றிலை வைத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தாள், பின்னால் எஸ்கலின். ஐந்து பேரும் வெளியே வந்தார்கள், தட்டைப் பார்த்தார்கள். தட்டை வீட்டுக்காரர்தான் ஏந்த வேண்டும், பெண்பிள்ளை ஏந்துகிற வழக்கம் இல்லை என்று உபதேசியார் எங்கேயோ பார்த்துச் சொன்னார். கோயில் வாசலில் வள்ளம் இல்லாததால் தொலைவில் கரையில் கிடந்த வள்ளத்தைப் பார்த்தபடி, "வீட்டு ஆம்பள எங்கன்னு கேளு," என்றார் லொஞ்சின்.

எஸ்கலின் வள்ளத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க நிப்பாட்டுன எடத்துலதான் இருக்காரு. போய்க் கேளுங்க."

விலக்கப்பட்ட வீட்டுப் பெண் நேராகப் பேசியதைக் கேட்டதாக ஆகிவிடக்கூடாது என்று ஐந்து பேரும் அவசரமாக உள்ளே போனார்கள். கிறிசாந்து மட்டும் வாசற்படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஓலை வாசிக்கவில்லை. மழைக்கு முன்னால் அக்கரை மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்தது.

மழை விட்டதும் கிறிசாந்தின் போனுக்கு அவன் கப்பலில் இருந்த கூட்டாளி ஒரு படம் அனுப்பினான். எல்லோரும் போனைச் சுற்றி நின்று பார்த்தோம். முழுக்க நீலம். நீலத்தின் நடுவே புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டம், உள்ளே ஒரு சிலுவைக்குறி. தடங்கல், ஆழம் தெரியவில்லை என்று கிறிசாந்து படித்துச் சொன்னான். வெடி போட்டார்கள். பிலோமி எல்லோருக்கும் டீ இலவசம் என்றாள்.

அதன் பிறகு கப்பல்கள் விலகின. வட்டத்துக்குள் வரவே இல்லை. தொம்மை வீட்டையும் வாசலையும் சுற்றி மணல் எப்போதும் காய்ந்தே இருந்தது, ஒரு கோடு போட்டதுபோல, அதற்கு வெளியே எல்லாம் ஈரம். ஆனால் விலகுகிற கப்பல் எந்தப் பக்கம் விலகும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. வருகிறவை ஒரு பக்கம், போகிறவை மறுபக்கம் என்று வட்டத்தின் இரண்டு பக்கமும் வழியாயிற்று. முன்பு ஒரு வழிதான், ஓரமாக ஒதுங்கலாம். இப்போது சம்மாட்டி வீடு ஒரு வழியில் இருந்தது, கோயில் முற்றம் மறு வழியில் இருந்தது, ஒதுங்குவதற்கு ஓரம் இல்லை. வரைபடத்தில் இருப்பதால் கப்பல் தொடாத மணிக்கூண்டில் ஒரு ஆள்தான் நிற்கலாம், அது மணியடிக்கிற ஆள். இரண்டு கப்பல் ஒரே நேரத்தில் வராதவரைக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிச் சமாளித்தார்கள். கரையில் கடைசியாகக் கிடந்த வள்ளத்தையும் சம்மாட்டி அக்கரைக்கு அனுப்பிவிட்டார், புதுசு, வீணாகப் போகக்கூடாது என்று.

இரண்டு கப்பல் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று கடலிலிருந்து, ஒன்று கழியிலிருந்து. நான் மணியை விடாமல் அடித்தேன். ஊரில் இருந்த பதினைந்து பேரும் தொம்மை வீட்டை நோக்கி ஓடினார்கள். ஓடி, காய்ந்த மணல் தொடங்குகிற கோட்டில் வந்து நின்றார்கள். லொஞ்சின், ரெஜீனாள், மகன்கள் இருவர், உபதேசியார், அவர் மனைவி, கிறிசாந்து, பவுலீன், பிலோமி, ஆண்கள் நான்கு பேர், பெண்கள் இரண்டு பேர். கால் விரல்கள் கோட்டைத் தொட்டபடி நின்றார்கள். கோட்டைத் தாண்டினால் விலக்கப்பட்ட வீடு. முதலில் தாண்டுகிறவர் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லொஞ்சின் பேசுவதற்கு ஒரு வள்ளம் தேடிக் கரையைப் பார்த்தார், கரை வெறுமையாக இருந்தது.

உள்ளே வாசலில் எஸ்கலின் நின்றாள், வியாகுலம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் ஒண்ணும் கேக்கலியேம்மா," என்றாள் எஸ்கலின்.

"கேட்டா?"

"கேட்டா வரச் சொல்லுவேன். கேக்கணும்ல்லா."

வியாகுலம் தலையைத் தூக்காமல் புடைத்தாள். கப்பல்கள் இரண்டும் தெருவுக்குள் வந்துவிட்டன, பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர்களைப் படிக்கிற தூரம். பவுலீன் குனிந்து, இடுப்பிலிருந்த பிள்ளையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மணலில் உட்காரவைத்தாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு ஊர் விதி கிடையாது, ஆகவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை அம்மா காலைப் பிடிக்கத் தவழ்ந்து வந்தது. பவுலீன் அதைத் தூக்கி இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தன் பாதம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, பின்னால் இழுத்துக்கொண்டாள். எஸ்கலின் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். கிறிசாந்து வாயைத் திறந்தான், ரெஜீனாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள், மூடிக்கொண்டான்.

கப்பல்கள் ஒன்றையொன்று கடந்தன. இரண்டின் ஜன்னல்களிலும் பேப்பர் ஒட்டியிருந்தது.

மணியைப் பதினைந்து முறை அடித்தேன். அடித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. எஸ்கலின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும் வரை மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதையோ சொன்னாள், என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கரையில் வள்ளம் இல்லை, ஆகையால் நான் பதில் சொல்லவில்லை.

முறையை விட்டுப் போன ஏழு பேரை எண்ணக்கூடாது. ஊர்க் கணக்குப்படி மீதி ஒன்று. கணக்கில் வராதவர்கள் மூன்று. சேர்த்தால் நான்கு.